"இல்லை" என்றால் எவ்வளவு இல்லை? ஈயத்தைத் தீயில் அளப்பது பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். புது வீடு கட்டிக் குடிபோய் எட்டு மாதம் ஆகிறது. போர் தண்ணியை ஒரு ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்திருக்கிறார். கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு எல்லாவற்றுக்கும் எண் போட்டிருந்தார்கள். ஈயம் என்ற வரிக்கு நேராக மட்டும் எண் இல்லை. "கண்டறியப்படவில்லை" என்று இருந்தது. சோதனை முறை என்ற கட்டத்தில் "ஃபிளேம் ஏ.ஏ.எஸ்."

"ஈயம் இல்லைன்னு வந்துடுச்சு தம்பி. பேத்திக்குப் பால் பவுடரை இந்தத் தண்ணியிலயே கரைக்கலாம்ல?"

நான் உடனே தலையாட்டவில்லை. அந்தக் கருவியோடு சில வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் ஒரு தயக்கம். "கண்டறியப்படவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றல்ல. இருட்டு அறைக்குள் எட்டிப் பார்த்து "யாரையும் காணோம்" என்று சொன்னால், அதை நம்புவதற்கு முன்னால் டார்ச் எவ்வளவு வெளிச்சம் அடித்தது என்று கேட்க வேண்டும், இல்லையா? அந்த டார்ச்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சோறு பொங்கும்போது அடுப்பில் நடப்பது

உலை பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். எல்லார் வீட்டிலும் பார்த்ததுதான். தண்ணியில் கரைந்திருக்கும் உப்பில் உள்ள சோடியம் சுடரில் போய்ச் சூடேறுகிறது. அதன் அணு வாங்கிய வெப்பத்தை 589 நானோமீட்டர் அலைநீளத்தில் மஞ்சள் ஒளியாகத் திருப்பித் தருகிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய அலைநீளங்கள் உண்டு. 1859-60-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் பன்சனும் கிர்க்காஃபும் இதைப் பிடித்துக்கொண்டுதான் சுடரைப் பார்த்தே தனிமத்தைச் சொல்லும் வித்தையை உருவாக்கினார்கள். சீசியம், ருபீடியம் என்ற இரண்டு புதுத் தனிமங்களை அவர்கள் கண்டுபிடித்ததும் அப்படித்தான்.

கிர்க்காஃப் இன்னொன்றையும் கண்டுகொண்டார். ஓர் அணு எந்த அலைநீளத்தில் ஒளியை வெளியிடுகிறதோ, அதே அலைநீள ஒளி வெளியிலிருந்து வந்தால் அதை உறிஞ்சவும் செய்யும். சூரிய ஒளியின் நிறமாலையில் கறுப்புக் கோடுகள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய 90 வருடம், வேதியியல் ஆய்வகங்களில் பெரும்பாலும் அணு வெளியிடும் ஒளியைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். 1952-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஆலன் வால்ஷ் என்ற இயற்பியலாளர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோட்ட வேலை செய்துகொண்டிருந்தபோது, நாம் தப்பான பக்கத்தை அல்லவா அளக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. சுடருக்குள் இருக்கும் அணுக்களில் ஒளியை வெளியிடும் அளவுக்குக் கிளர்ச்சி அடைவது மிகச் சிறு பங்குதான். மீதி எல்லாம் அமைதியாக அடிநிலையில் இருக்கின்றன. அந்தப் பெருங்கூட்டம் ஒளியை வெளியிடாது, ஆனால் உறிஞ்சும். அப்படியென்றால் உறிஞ்சலை அளந்தால் என்ன? 1955-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று ஊர் ஊராக இருக்கும் ஏ.ஏ.எஸ். கருவிகளின் தொடக்கம் அதுதான். தமிழில் இதை அணு உறிஞ்சல் நிறமாலையியல் என்று சொல்லலாம்.

கருவிக்குள் என்ன நடக்கிறது?

கருவி பார்ப்பதற்கு மிரட்டும். உள்ளே விஷயம் எளிது. ஒரு பக்கம் விளக்கு, நடுவில் தீ, மறுபக்கம் ஒளியை அளக்கும் உணரி.

விளக்குதான் இதில் தந்திரம். ஈயத்தை அளக்க வேண்டுமா? ஈயத்தால் ஆன கேதோடு உள்ள விளக்கைப் போட வேண்டும். அதற்கு ஹாலோ கேதோடு விளக்கு என்று பெயர். அது ஈயத்துக்கே உரிய அலைநீளங்களைத் தரும். அதில் 283.3 அல்லது 217.0 நானோமீட்டர் கோட்டைத் தேர்ந்தெடுப்போம். காட்மியத்துக்கு வேறு விளக்கு, குரோமியத்துக்கு வேறு. அதனால்தான் ஒரு தனிமத்தை இன்னொன்றாக நினைத்து ஏமாறுவது இந்த முறையில் அபூர்வம்.

நடுவில் இருப்பது காற்றும் அசிட்டிலீனும் கலந்து எரியும் தீ. அடுப்பு மாதிரி வட்டமாக இருக்காது. 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய பிளவிலிருந்து திரைச்சீலை மாதிரி எழும்பும். வெப்பம் ஏறக்குறைய 2300 டிகிரி. ஒளி அந்த 10 சென்டிமீட்டரையும் நீளவாக்கில் கடந்து போகும். வழியில் எவ்வளவு அணு இருக்கிறதோ அவ்வளவு ஒளி குறையும். அளவு தெரிந்த சில கரைசல்களை முதலில் ஊட்டி, இவ்வளவு ஈயத்துக்கு இவ்வளவு ஒளி குறைகிறது என்று ஒரு கோடு வரைந்துகொள்வோம். பிறகு நம் மாதிரியை ஊட்டி, அந்தக் கோட்டில் அது எங்கே விழுகிறது என்று பார்ப்போம். அவ்வளவுதான்.

சிக்கல் மாதிரி தீக்குப் போகும் வழியில்தான் ஆரம்பிக்கிறது. நெபுலைசர் நிமிடத்துக்கு 5 மில்லிலிட்டர் அளவில் கரைசலை உறிஞ்சிப் புகைபோலத் தெளிக்கும். பெரிய துளிகள் எல்லாம் கீழே வடிகுழாயில் போய்விடும். தீ வரைக்கும் போய்ச் சேருவது பத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதைவிடக் குறைவு. போய்ச் சேர்ந்த அணுவும் ஒளியின் பாதையில் நிற்பது சில மில்லி விநாடிதான். தீயின் வேகத்தில் மேலே பறந்துவிடும். கொடுத்ததில் பத்தில் ஒன்பது சாக்கடைக்கு, மிச்சம் காற்றுக்கு. இப்படி ஒரு கருவி நன்றாக வேலை செய்வதே ஆச்சரியம்தான்.

இப்போது கணக்கு

இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, 2012-ம் ஆண்டுப் பதிப்பின்படி ஈயம் லிட்டருக்கு 0.01 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. வேறு நீர் கிடைக்காவிட்டால் கொஞ்சம் கூடலாம் என்ற சலுகையும் ஈயத்துக்குக் கிடையாது. 1991-ம் ஆண்டுப் பதிப்பில் இந்த வரம்பு 0.05 ஆக இருந்தது. அதாவது இடையில் வரம்பு ஐந்தில் ஒன்றாக இறங்கிவிட்டது. கருவி அதோடு சேர்ந்து இறங்கிவிடவில்லை.

283.3 நானோமீட்டர் கோட்டில், வரும் ஒளியில் 1 சதவீதத்தை உறிஞ்ச வேண்டும் என்றால் கரைசலில் லிட்டருக்கு ஏறக்குறைய அரை மி.கி. ஈயம் வேண்டும். குடிநீர் வரம்பு அதில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியென்றால் வரம்பில் இருக்கும் தண்ணி உறிஞ்சுவது வந்த ஒளியில் 5000-ல் 1 பங்கு. தீயோ சும்மா இருக்காது. ஏ.சி. காற்று பட்டால் ஆடும், கேஸ் அழுத்தம் கொஞ்சம் மாறினால் ஆடும். விளக்கின் ஒளியும் லேசாகத் துடிக்கும். இத்தனை ஆட்டத்துக்கு நடுவில் 5000-ல் 1 பங்கு குறைந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். சந்தைக்கடைக்கு நடுவில் ஒருத்தர் கிசுகிசுப்பதைக் காதில் வாங்குவது மாதிரி.

எந்த அளவு வரைக்கும் நம்பலாம் என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஈயமே இல்லாத வெறும் அமிலக் கரைசலை, நாங்கள் பிளாங்க் என்போம், பத்து முறை அளக்க வேண்டும். பத்து முறையும் பூஜ்யம் வராது. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று சிதறும். அந்தச் சிதறலின் திட்ட விலக்கத்தைப் போல 3 மடங்குதான் கண்டறியும் எல்லை. அதற்குக் கீழே வருவது ஈயமா, தீயின் ஆட்டமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 10 மடங்குக்கு மேலே போனால்தான் அந்த எண்ணை எண்ணாக எழுதுவதற்குத் தைரியம் வரும்.

நல்ல கருவி, நல்ல கை என்று எல்லாம் கூடி வந்தால் ஈயத்துக்கு ஃபிளேம் ஏ.ஏ.எஸ். கண்டறியும் எல்லை லிட்டருக்கு 0.01 மி.கி.யை ஒட்டி வரும். தினசரி ஆய்வக நிலவரத்தில் 0.05 என்பதே பல இடங்களில் நேர்மையான எண். அண்ணனைவிட்டு அந்த ஆய்வகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்கச் சொன்னேன். அவர்கள் சொன்னதும் அதே 0.05.

இதற்கு என்ன அர்த்தம்? அந்தத் தண்ணியில் 0.04 இருந்திருந்தாலும், அதாவது வரம்பைப் போல 4 மடங்கு, காகிதத்தில் "கண்டறியப்படவில்லை" என்றுதான் வந்திருக்கும். ஆய்வகம் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். டார்ச் வெளிச்சம் எவ்வளவு என்பதைக் காகிதத்தில் எழுதாமல் விட்டதுதான் குறை.

அதே கருவி, வேறு கதை

இதைப் படித்துவிட்டு ஃபிளேம் ஏ.ஏ.எஸ். எதற்கும் உதவாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மஞ்சள்தூளுக்கு வாருங்கள்.

பங்களாதேஷில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைக் கலந்தது 2019-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களின் கட்டுரையில் வெளிவந்தது. சில மாதிரிகளில் கிலோவுக்கு 1000 மி.கி.க்கு மேலே ஈயம் இருந்தது. அந்த நாட்டில் மஞ்சளுக்கான வரம்பு 2.5 மி.கி. இந்தியாவில் மஞ்சளுக்கு 10 மி.கி.

இப்போது கணக்குப் போடுங்கள். 1 கிராம் மஞ்சள்தூளை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சிக் கரைத்து 50 மில்லிலிட்டராக்குகிறோம். கிலோவுக்கு 10 மி.கி. ஈயம் உள்ள தூள் என்றால் கரைசலில் லிட்டருக்கு 0.2 மி.கி. வரும். ஃபிளேமுக்கு இது வசதியான இடம். 1000 மி.கி. உள்ள தூள் என்றால் 20 மி.கி. வரும். நீர்த்துத்தான் ஊட்ட வேண்டும், அப்படியே ஊட்டினால் கோட்டின் மேல்முனையைத் தாண்டிவிடும்.

இன்னொரு அழகும் உண்டு. ஈய விளக்கைக் கழற்றிவிட்டுக் குரோமிய விளக்கைப் போட்டு அதே கரைசலை 357.9 நானோமீட்டரில் அளக்கலாம். லெட் குரோமேட்டில் ஓர் ஈய அணுவுக்கு ஒரு குரோமிய அணு. எடையில் ஈயம் குரோமியத்தைப் போல ஏறக்குறைய 4 மடங்கு. ஒரு மூட்டை மஞ்சளிலிருந்து எடுத்த மாதிரிகளில் ஈயம் ஏற ஏறக் குரோமியமும் அதே விகிதத்தில் ஏறினால், அது மண்ணிலிருந்தோ அரைவை மில்லிலிருந்தோ வந்ததல்ல, கை வைத்துக் கலந்தது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். பங்களாதேஷ் ஆய்விலும் இந்த விகிதம் ஒரு முக்கியமான தடயமாக இருந்தது. அங்கே விழிப்புணர்வும் சந்தைச் சோதனையும் அபராதமும் சேர்ந்து நடந்தன. 2019-ல் 47 சதவீத மஞ்சள் மாதிரிகளில் ஈயம் தென்பட்டது, 2021-ல் ஒன்றில்கூட இல்லை.

ஆக, அதே கருவி மஞ்சளுக்குப் போதும், குடிதண்ணிக்குப் போதாது. கருவி நல்லதா கெட்டதா என்பது கேள்வியே இல்லை. நாம் தேடும் அளவு அதன் எல்லைக்கு மேலே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மற்ற நச்சுத் தனிமங்களுக்கும் இதே பார்வை பொருந்தும். காட்மியத்துக்கு ஃபிளேம் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் குடிநீர் வரம்பு 0.003 மி.கி. என்பதால் விளிம்பில்தான் நிற்க வேண்டும். ஆர்சனிக்கின் 193.7 நானோமீட்டர் ஒளியை அந்தத் தீயே விழுங்கிவிடும். அதனால் ஆர்சனிக்கை ஹைட்ரைடு வாயுவாக மாற்றித் தனியாக அளப்பார்கள். பாதரசத்துக்குத் தீயே தேவையில்லை, குளிர்ந்த ஆவியாகவே அதன் அணுக்கள் வந்துவிடும். குடிநீர் அறிக்கையில் ஆர்சனிக்குக்கும் பாதரசத்துக்கும் நேராக வெறும் "ஃபிளேம் ஏ.ஏ.எஸ்." என்று பார்த்தால் அந்த இரண்டு வரிகளையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

எல்லையைக் கீழே இறக்க முடியாதா?

முடியும். ஒரு லிட்டர் தண்ணியில் அமிலம் சேர்த்து மெதுவாகக் காய்ச்சி 20 மில்லிலிட்டராக்கினால் ஈயம் 50 மடங்கு அடர்த்தியாகும். ஆனால் போர் தண்ணியின் உப்பும் கூடவே 50 மடங்காகும். அது பர்னரின் பிளவை அடைக்கும், ஒளியைச் சிதறடித்து இல்லாத ஈயத்தை இருப்பதுபோலக் காட்டும். அதைச் சரிசெய்ய டியூட்டீரியம் விளக்கு வைத்துப் பின்னணியைக் கழிக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி, தீயைத் தூக்கிவிட்டுச் சின்னக் கிராஃபைட் குழாய் அடுப்பை வைப்பது. சோவியத் ஒன்றியத்தில் போரிஸ் லவோவ் 1950-களின் கடைசியில் தொடங்கிவைத்த யோசனை இது. 20 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு துளியைவிடக் குறைவு, போதும். அணுக்கள் பறந்துபோகாமல் குழாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் நிற்கும். ஈயத்துக்குக் கண்டறியும் எல்லை ஃபிளேமைவிட நூறு மடங்குக்கு மேல் கீழே போகும். ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற கருவியும் இந்த வேலைக்கு ஏற்றது.

எல்லை கீழே போகப் போக இன்னொரு தலைவலி ஆரம்பிக்கும். அழுக்கு. ஆரம்ப நாட்களில் என் பிளாங்கிலேயே ஈயம் வந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் அமிலத்தைச் சந்தேகப்பட்டேன், தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், கருவியைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் பீக்கர்களைக் கழுவி, பழைய பெயிண்ட் உதிரும் ஜன்னல் ஓரத்தில் காயவைத்திருந்தேன். 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, மூடியே உலர்த்திய பிறகு பிளாங்க் அடங்கியது.

என்னைவிட எவ்வளவோ பெரியவர் ஒருவர் பல வருடம் இதோடு போராடியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. பூமியின் வயதைக் கணக்கிட ஈயத்தை அளந்த கிளேர் பேட்டர்சன். எங்கே தொட்டாலும் எதிர்பார்த்ததைவிட அதிக ஈயம் வந்துகொண்டே இருந்தது. ஆய்வகத்தைத் துப்புரவாக்கித் துப்புரவாக்கி 1956-ல் பூமிக்கு 455 கோடி வயது என்றார். அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடியவர், பெட்ரோலில் கலந்த ஈயம் உலகம் முழுக்கப் பரவியிருப்பதைக் கண்டார். மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி அதை எதிர்த்துப் போராடுவதில் போனது. அவருடைய பிளாங்க் சுத்தமாக இல்லாமல் போனதுதான் அந்தப் போராட்டத்துக்கே தொடக்கம்.

அண்ணன் வீட்டுத் தண்ணி

ஏன் இவ்வளவு கறார்? ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துவைக்கும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப் போல 4, 5 மடங்கு வரை சின்னக் குழந்தைகள் உறிஞ்சுவார்கள். மூளை வளரும் வயசு. வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. காய்ச்சினால் போய்விடும் என்று நினைப்பவர்கள் நிறைய. போகாது, தண்ணி வற்றுவதால் அடர்த்திதான் கூடும்.

அண்ணனிடம் வேறு ஆய்வகத்தில் கொடுக்கச் சொன்னேன். கிராஃபைட் அடுப்பு இருக்கிறதா, ஈயத்துக்குக் கண்டறியும் எல்லை என்ன என்று முதலிலேயே கேட்கச் சொன்னேன். இரண்டு பாட்டில் எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணி காலையில் திறந்தவுடன் ஒன்று, ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு ஒன்று. பாட்டிலில் அவர்கள் தரும் நைட்ரிக் அமிலம் சில துளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைந்து தெரியும்.

முடிவு வந்தது. ஓடவிட்ட தண்ணி வரம்புக்கு நன்றாகக் கீழே. காலையின் முதல் தண்ணி வரம்புக்குக் கொஞ்சம் மேலே. அப்படியென்றால் போர் கிணறு காரணமில்லை. வீட்டுக்குள் இருக்கும் புதுக் குழாய்களோ பித்தளை டேப்போதான். பி.வி.சி. குழாய் தயாரிக்கும்போது நிலைப்படுத்தியாக ஈய உப்பைச் சேர்க்கும் வழக்கம் இங்கே இருந்தது. அதைக் கட்டுப்படுத்த 2021-ல்தான் இந்தியாவில் விதி வந்தது.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் முதலில் வரும் தண்ணியைச் செடிக்கும் வாசல் தெளிக்கவும் பிடித்துவிட்டு, பிறகு குடிக்கவும் சமைக்கவும் பிடிப்பது. பேத்தியின் பாலுக்கு இப்போதைக்கு வேறு தண்ணி. மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு சோதனை.

உங்கள் கையிலும் இப்படி ஒரு அறிக்கை இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கண்டறியும் எல்லை எவ்வளவு? அது வரம்பைவிடக் கீழே இருக்கிறதா? தெரிந்த அளவு ஈயத்தை என் தண்ணியில் சேர்த்து அளந்தபோது அது சரியாகத் திரும்ப வந்ததா? நல்ல ஆய்வகத்தார் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். சந்தோஷப்படுவார்கள், அவர்கள் உட்கார்ந்து பத்துப் பிளாங்க் ஓட்டியதே இதற்காகத்தான்.

அண்ணன் இரண்டாவது காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அப்போ இதுல 'இல்லை'ன்னு போட்டா நம்பலாமா?"

"'இவ்வளவுக்கு மேல இல்லை'ன்னு போட்டா நம்பலாம்ணே" என்றேன்.